பிரதியைச் செம்மையாக்குவோர்: வட்டாரப் பயிலரங்குகளின் தேவையும் வழியும்

தமிழ் நூல் ஒன்றின் உரிமைப் பக்கத்தைப் புரட்டினால் அட்டையை வடிவமைத்தவர், உள்பக்கங்களை அமைத்தவர், அச்சிட்ட இடம், விலை எல்லாம் தெரியும். பிரதியைச் செம்மையாக்கியவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் தெரியாது. பல நூல்களுக்கு அப்படி ஒருவர் இருந்திருக்கவே மாட்டார். எழுத்தாளர் அனுப்பிய கோப்பு பக்கமாகி, பக்கம் அப்படியே அச்சுக்குப் போய்விடுகிறது. இடையில் யாராவது ஒற்றுப் பிழை பார்த்திருந்தால் அதுவே பெரிது என்ற நிலைதான் பரவலாக இருக்கிறது.

செம்மையாக்குநர்கள் இல்லை என்ற குறையைப் பதிப்பாளர்கள், இதழாசிரியர்கள், எழுத்தாளர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். அவர்களை எங்கே, யார், எப்படி உருவாக்குவது என்ற கேள்வி மட்டும் கூட்டங்களில் எழுந்து அங்கேயே அடங்கிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு வட்டார அளவிலான பயிலரங்குகளே நடைமுறைக்கு உகந்த விடை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. சொற்பொழிவுகளைச் சுற்றி அமையும் பயிலரங்கால் பயன் இல்லை. திருத்திய பிரதியை நடுவில் வைத்து நடப்பதே பயன் தரும்.

பணியின் எல்லை

செம்மையாக்கம் என்றதும் பலருக்கு மெய்ப்புப் பார்ப்பது நினைவுக்கு வருகிறது. இரண்டும் வேறு பணிகள். மெய்ப்புத் திருத்துநர் மூலப்படியையும் அச்சுப்படியையும் ஒப்பிட்டு, விடுபட்டதையும் தவறாக ஏறியதையும் பிடிக்கிறார். செம்மையாக்குநரின் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எழுதியவர் சொல்ல வந்தது வாசகரிடம் குழப்பமின்றிப் போய்ச் சேருமா என்று அவர் வரிவரியாகப் பார்க்கிறார். நூலில் எது இருக்க வேண்டும், எந்த இயல் முதலில் வர வேண்டும் என்று முடிவுசெய்யும் பதிப்பாசிரியரின் பணி இவை இரண்டுக்கும் மேலே இருக்கிறது. நாளிதழில் இந்த மூன்றையும், தலைப்பு வைப்பதையும் சேர்த்து, உதவி ஆசிரியர் ஒருவரே நெருக்கடியான நேரத்துக்குள் செய்து முடிக்கிறார்.

“கூட்டத்தில் சுமார் 47 பேர் கலந்துகொண்டனர்” என்ற வாக்கியத்தில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. ஆனால் எண்ணிச் சொன்னதற்கு முன்னால் ‘சுமார்’ எதற்கு? “1932இல் பிறந்த அவர், 1950இல் தமது இருபத்து மூன்றாம் வயதில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார்” என்ற வாக்கியமும் இலக்கணத்தில் குறையில்லாதது, கணக்குத்தான் இடிக்கிறது. “இதற்கு மூன்று காரணங்கள் உண்டு” என்று தொடங்கிய பத்தி நான்கு காரணங்களைச் சொல்லி முடியும். ஒரே நூலில் ஒரே வெளிநாட்டு அறிஞரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். இவற்றையெல்லாம் பிடிப்பதற்கு இலக்கண அறிவு மட்டும் போதாது. ஐயப்படவும், சரிபார்க்கவும், எழுதியவரிடம் முறையாகக் கேட்கவும் பழக வேண்டும். இந்தப் பழக்கங்களைத்தான் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

நமக்கிருக்கும் மரபு

செம்மையாக்கம் தமிழுக்குப் புதிதாக வந்த ஒன்றல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் பிழையற்ற பதிப்பை ஒரு கொள்கையாகவே கொண்டார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகள் பரவலாகப் பயன்பட அவருடைய பதிப்புகளும் பாடநூல்களும் வழிவகுத்தன. 1887இல் சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தன. பல சுவடிகளை ஒப்பிடுவது, பாட வேறுபாடுகளைக் குறிப்பது, வாசகருக்கு வேண்டிய முன்னுரையும் குறிப்புகளும் சேர்ப்பது என்று அந்தப் பதிப்பாசிரியர்கள் பழகிய ஒழுங்கு இன்றைய செம்மையாக்குநருக்கும் அடிப்படைப் பாடம்.

அடுத்த நூற்றாண்டில் இந்த ஒழுங்கு கூட்டுப் பணியாக விரிந்தது. எஸ். வையாபுரிப் பிள்ளையைப் பதிப்பாசிரியராகக் கொண்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1936இல் நிறைவெய்தியது. 1950களில் மர்ரே நிறுவனத்தின் எஸ். ராஜம், அறிஞர் குழு ஒன்றைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் கொண்டுவந்தார். பலர் சேர்ந்து ஒரே விதிப்படி பிரதியைத் தயாரிக்க முடியும் என்பதற்கு அது முன்னோடிச் சான்று. இதழியலில் சி.பா. ஆதித்தனார் எழுதிய ‘இதழாளர் கையேடு’, வாக்கியம் எப்படி அமைய வேண்டும், யாருக்காக எழுதுகிறோம் என்பதை ஒரு நாளிதழின் ஊழியர் எல்லோருக்கும் பொதுவான நெறியாக்கியது.

தற்கால நூல்களுக்குச் செம்மையாக்கத்தைத் தனித் துறையாக மதித்து வளர்த்தவர் க்ரியா ராமகிருஷ்ணன். 1974இல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தில் எழுத்தாளரோடும் மொழிபெயர்ப்பாளரோடும் உட்கார்ந்து வரிவரியாக விவாதிப்பது வேலைமுறையாகவே இருந்தது. அந்தப் பட்டறிவும் அகராதிப் பணியும் ஒன்றையொன்று வளர்த்தன. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வெளிவந்தது. 2008இல் விரிவாக்கிய பதிப்பும், அவர் மறைந்த 2020இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. மொழி அறக்கட்டளையின் முயற்சியில் உருவான ‘தமிழ் நடைக் கையேடு’ நிறுத்தக்குறி, சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுதல், எழுத்துப்பெயர்ப்பு ஆகியவற்றுக்கு வழிகாட்டியது. ஆக, பயிலரங்கில் மேசைமேல் வைப்பதற்கு நம்மிடம் நூல்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் இடம்தான் இல்லை.

கற்கும் வழி எப்படி அடைபட்டது?

எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் அச்சகமே பயிற்சிக்கூடமாக இருந்தது. ஒருவர் மூலப்படியை நிறுத்தக்குறி உட்பட உரக்க வாசிப்பார். அனுபவமிக்க இன்னொருவர் மெய்ப்பைப் பார்த்துத் திருத்துவார். வாசிக்கும் இளைஞர், பக்கத்தில் இருப்பவர் எங்கே நிறுத்துகிறார், எதை வட்டமிடுகிறார், எதற்கு மூலப்படியைத் திரும்பக் கேட்கிறார் என்று பார்த்துப் பார்த்தே தொழில் கற்றார். முதல் மெய்ப்பு, இரண்டாம் மெய்ப்பு, அச்சேற்றும் முன் இறுதி மெய்ப்பு என்று ஒரே பக்கம் பலமுறை கண்ணில் பட்டது.

கணினி அச்சுக்கோப்பு பரவியதும் இந்த ஏற்பாடு கலைந்தது. எழுத்தாளரே தட்டச்சு செய்து அனுப்பும் நிலை வந்ததும், ‘மூலப்படி’ என்று தனியே ஒன்று இல்லாமல் போயிற்று. ஒப்பிட்டு வாசிக்க ஆள் தேவையில்லை என்று பலர் முடிவுசெய்தார்கள். திருத்தம் திரையில் நடக்கிறது; பழைய சொல் மறைந்து புதிய சொல் மட்டும் நிற்கிறது. ஏன் மாற்றினார்கள் என்பதைப் பக்கத்து மேசைக்காரரும் அறிய வழியில்லை. வேலை வேகமானது, ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அது கைமாறிய வழி அடைபட்டது. அந்த வழியை மீண்டும் திறப்பதே பயிலரங்கின் முதல் நோக்கமாக இருக்க வேண்டும்.

இப்போது கிடைக்கும் பயிற்சிகள் இந்த இடைவெளியை முழுதாக நிரப்பவில்லை. 1957இல் தோன்றிய தேசியப் புத்தக அறக்கட்டளை நூல் வெளியீட்டுத் துறைக்கான பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. அதன் எல்லை பதிப்புத் தொழில் முழுவதையும் தழுவியது, தமிழ்ப் பிரதியின் நுணுக்கங்களுக்கு அங்கே நேரம் குறைவு. இதழியல் படிப்புகள் செய்தி சேகரிப்பதிலும் எழுதுவதிலும் கவனம் வைக்கின்றன. தமிழ்த் துறைகள் இலக்கணத்தை நன்றாகவே கற்பிக்கின்றன. ஆனால் பிறர் எழுதிய பிரதியில் அந்த இலக்கணத்தை எவ்வளவு தூரம் செலுத்தலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பது வேறு பாடம்.

வட்டாரம் ஏன் முக்கியம்?

தமிழ்ப் பதிப்பும் இதழியலும் சென்னைக்குள் மட்டும் இருப்பவை அல்ல. தினத்தந்தி 1942இல் மதுரையில் பிறந்தது. தினமலர் 1951இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி 1957இல் திருநெல்வேலிக்கு வந்தது. இன்று நாளிதழ்களின் ஆசிரியப் பிரிவுகள் பல நகரங்களில் இயங்குகின்றன. நாகர்கோவிலிலும் கோவையிலும் தஞ்சையிலும் பதிப்பகங்கள் உள்ளன. சிவகாசி அச்சுத் தொழிலின் பெரும் மையம். அங்கெல்லாம் பிரதியைத் தொடும் கைகள் ஏற்கெனவே இருக்கின்றன. வேலையை விட்டுச் சென்னைக்கு வந்து தங்கிப் படிக்க அவர்களில் பலரால் முடியாது. குறிப்பாக, வீட்டிலிருந்தே பக்கக் கணக்கில் மெய்ப்புப் பார்க்கும் பெண்களால் முடியாது.

இதைவிட வலுவான காரணம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கதையில் வரும் கம்மாய், வட மாவட்டங்களில் ஏரி, நெல்லையில் குளம். கொங்கு நாட்டுக் கதையில் ‘அப்புச்சி’ என்று வந்தால் அது தாயைப் பெற்ற தாத்தா. அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திய செம்மையாக்குநர், ஓர் உறவையே அழித்துவிடுகிறார். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982இல் அகராதி வெளியிட்டார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை 2000இல் தந்தார். இத்தகைய அகராதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மண்ணின் பேச்சுக் காதில் விழும் இடத்திலேயே பயிற்சி நடப்பது நல்லது.

இலங்கைத் தமிழுக்கும் இது பொருந்தும். ஈழத்து எழுத்தாளர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதும், மாலைப்பொழுதைப் ‘பின்னேரம்’ என்பதும், பேசுவதைக் ‘கதைப்பது’ என்பதும் பிழைகள் அல்ல, நிலைபெற்ற வழக்குகள். தமிழ்நாட்டில் அச்சாகும் ஈழ, புலம்பெயர் நூல்கள் பல. அவற்றைத் தொடும் செம்மையாக்குநருக்கு அந்த வழக்கின் ஒழுங்கு தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே சரி என்ற எண்ணத்தோடு ஒருவர் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது.

என்ன கற்பிப்பது?

மூன்று நாள் பயிலரங்குக்கு ஐந்து பகுதிகள் போதும்.

முதலாவது மொழி. ஒற்று மிகும் இடங்களை விதிப்பட்டியலாக ஒப்பிக்க வைப்பதைவிட, பொருள் மாறும் இடங்களிலிருந்து தொடங்கலாம். ‘தந்த பலகை’ ஒருவர் கொடுத்தது. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆனது. ‘கைமாறு’ என்பதும் ‘கைம்மாறு’ என்பதும் ஒன்றல்ல. ‘ஒவ்வொரு ஊர்களிலும்’ போன்ற ஒருமை பன்மை மயக்கம், ‘அவரால் எழுதப்பட்ட நூல்’ என்று வேண்டாத இடத்தில் வரும் செயப்பாட்டுவினை, எழுவாய் எங்கோ பயனிலை எங்கோ கிடக்கும் நீண்ட வாக்கியம் ஆகியவை அன்றாடம் எதிர்ப்படுபவை. மொழிபெயர்ப்புப் பிரதிக்குத் தனி அமர்வு வேண்டும். அங்கே தமிழ் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, மூலத்தோடு ஒப்பிடும் பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டாவது உண்மை சரிபார்த்தல். ஆண்டு, வயது, கூட்டுத்தொகை, பதவிப்பெயர், ஊர்ப்பெயர், மேற்கோள் ஆகியவற்றை எந்த மூலத்தோடு ஒப்பிடுவது, எந்த மூலத்தை நம்பலாம் என்பதைச் செய்து பழக வேண்டும். அவதூறு, சாதி சார்ந்த இழிவு, பாதிக்கப்பட்ட குழந்தைகளின் அடையாளம் போன்றவற்றைக் கண்டால் உடனே நிறுத்தி ஆசிரியரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதும் இப்பகுதியில் சேரும்.

மூன்றாவது எழுத்தாளரிடம் கேட்கும் முறை. செம்மையாக்குநர் எழுதும் ஓரக்குறிப்பு, குற்றச்சாட்டாக இருந்தால் உறவு முறியும். மழுப்பலாக இருந்தால் விடை வராது. “இங்கே தெளிவில்லை” என்று எழுதுவதற்கு மாறாக, “இந்த வாக்கியத்தில் ‘அவர்’ என்பது தந்தையா, ஆசிரியரா?” என்று கேட்டால் எழுத்தாளர் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடுவார்.

நான்காவது நடைக்குறிப்பு. ஒவ்வொரு நூலுக்கும், ஒவ்வொரு இதழுக்கும் எந்த வடிவத்தைத் தேர்ந்தோம் என்று எழுதிவைக்கும் ஓரிரு பக்கத் தாள் அது. ஷ, ஸ, ஹ போன்ற எழுத்துகளை ஏற்பதா, ஆண்டோடு ‘இல்’ சேர்த்து எழுதுவதா, தலைப்பெழுத்தை எப்படிக் குறிப்பது, எண்ணை எப்போது எழுத்தால் எழுதுவது போன்றவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான வழிகள் உண்டு. ஒரு நூலுக்குள் ஒரு வழி என்பதுதான் முக்கியம்.

ஐந்தாவது கணினி. பழைய எழுத்துருக்களில் கிடக்கும் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதறுகின்றன. ‘கௌரவம்’ என்பதில் வரும் ஔகாரக் குறியை, ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி உருவாக்கினால் தாளில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. மின்னூலில் தேடும்போது அந்தச் சொல் அகப்படாது. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி பிழைதிருத்தியையும் நாவி சந்திப்பிழை திருத்தியையும் பயன்படுத்தக் கற்றுத்தர வேண்டும். அவை சுட்டுவதை எங்கே ஏற்கலாம், எங்கே மறுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

நடத்தும் முறை

வேலை பயிலரங்குக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். எழுதியவரின் இசைவோடு, பெயரை நீக்கி, செம்மையாக்கப்படாத ஒரு பிரதியைப் பங்கேற்பாளர் எல்லோருக்கும் அனுப்பலாம்; ஐந்தாறு பக்கம் போதும். அவர்கள் திருத்தி அனுப்பியதைப் பயிற்றுநர்கள் ஒப்பிட்டு, ஒரே வரியை எத்தனை விதமாகத் திருத்தியிருக்கிறார்கள் என்று தொகுத்துவைக்க வேண்டும். முதல் நாள் காலை அந்தத் தொகுப்பிலிருந்தே தொடங்கட்டும். ஏன் மாற்றினீர்கள், ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒவ்வொருவரும் காரணம் சொல்லும்போது, அச்சகத்தில் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்ற பழைய முறை புதிய வடிவில் திரும்பி வருகிறது.

ஆளுக்கு ஆள் பிரதியைப் பார்க்க வேண்டியிருப்பதால் இருபது பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. மூன்று பயிற்றுநர்கள் வேண்டும்: நூல் பதிப்பில் பழகியவர் ஒருவர், நாளிதழ் மேசையிலிருந்து ஒருவர், அந்த வட்டாரத்தின் மொழியறிந்தவர் ஒருவர். செய்தி, வட்டார வழக்கில் ஒரு சிறுகதை, மொழிபெயர்ப்புக் கட்டுரை, ஆய்வேடு, சிறுவர் நூல் என்று வகைக்கொரு பிரதி இருக்கட்டும். ஓர் அமர்வில் எழுத்தாளர் ஒருவரை அழைத்து, அவருடைய பிரதியை அவர் முன்னாலேயே செம்மையாக்க வேண்டும். தன் எழுத்தில் பிறர் கைபடும்போது வரும் வலியைப் பங்கேற்பாளர்கள் நேரில் உணர்ந்தால் கை தானாகவே அடங்கும்.

இறுதியில் முதல் பிரதியைப் போன்ற இன்னொன்றைக் கொடுத்து மதிப்பிடலாம். விட்ட பிழைகளை எண்ணுவதுபோலவே, தேவையில்லாமல் செய்த திருத்தங்களையும் எண்ண வேண்டும். சரியாக இருந்ததை மாற்றியதும் பிழைதான். புதிதாகப் பழகுவோர் அதிகம் தவறுவது அங்கேதான்.

மூன்று நாளில் யாரும் தேர்ந்த செம்மையாக்குநர் ஆகிவிட முடியாது. ஆகவே அடுத்த ஆறு மாதமும் பங்கேற்பாளர்களை இருவர் இருவராக இணைத்து, மாதம் ஒரு பிரதியை மாற்றி மாற்றித் திருத்தச் செய்ய வேண்டும். பயிற்றுநர் ஒருவர் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். இந்தத் தொடர்ச்சிக்கு இடமும் பணமும் ஒதுக்காத பயிலரங்கு, சான்றிதழ் வழங்கும் விழாவாகவே முடியும்.

இடமும் பணமும்

இடத்துக்குப் பஞ்சமில்லை. மாவட்ட நூலகங்கள், கல்லூரித் தமிழ்த் துறைகள், மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்றவை இருக்கின்றன. சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது. இன்று மாவட்டந்தோறும் அரசின் ஆதரவோடு புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. பதிப்பாளர்களும் எழுத்தாளர்களும் ஓரிடத்தில் கூடும் அந்த நாட்களையொட்டிப் பயிலரங்கை வைத்தால் பயணச் செலவு மிச்சமாகும். திருவிழா மேடைக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே இதற்குப் போதும்.

2023 முதல் சென்னையில் நடந்துவரும் பன்னாட்டுப் புத்தகக் காட்சியும் அதையொட்டிய மொழிபெயர்ப்பு நல்கைகளும் தமிழ் நூல்களைப் பிற மொழிகளுக்குக் கொண்டுபோகின்றன. மொழிபெயர்ப்புக்கு நல்கை தருவதுபோல், மூல நூலைச் செம்மையாக்கவும் நல்கை வேண்டும். குழம்பிய மூலம் எந்த மொழிக்குப் போனாலும் குழப்பத்தோடுதான் போய்ச் சேரும்.

ஊதியம் பற்றியும் பயிலரங்கில் வெளிப்படையாகப் பேச வேண்டும். மெய்ப்புக்கும் செம்மையாக்கத்துக்கும் ஒரே பக்கக் கூலி என்ற வழக்கம் மாறாதவரை, பயிற்சி பெற்றவர்கள் இத்துறையில் நிலைக்க மாட்டார்கள். எந்த வேலைக்கு எவ்வளவு நேரமாகும், ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும், எத்தனை சுற்றுத் திருத்தம் என்பதெல்லாம் தொழிலின் பகுதிகளே.

சில ஐயங்கள்

மென்பொருள்கள் திருத்திவிடுமே, இனி மனிதர் எதற்கு என்று கேட்கிறார்கள். எழுத்துப் பிழைகளையும் சந்திப் பிழைகளையும் கருவிகள் மேலும் மேலும் நன்றாகப் பிடிக்கும். அதை வரவேற்க வேண்டும். ஆனால் ‘அப்புச்சி’யை விட்டுவைப்பதா என்று முடிவுசெய்யவும், ஒரு வரி யாரையாவது இழிவுபடுத்துகிறதா என்று உணரவும், அந்த முடிவுக்குப் பொறுப்பேற்கவும் ஒரு மனிதர் வேண்டும்.

செம்மையாக்கம் எழுத்தாளரின் நடையை அழித்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அளவு மீறிய கைகளால் அப்படி நடந்தும் இருக்கிறது. பயிற்சியின்மைதான் அதற்குக் காரணம். நடையையும் பிழையையும் பிரித்தறியக் கற்ற செம்மையாக்குநர் நடைக்குக் காவலாகவே இருப்பார்.

சிறு பதிப்பகங்களால் செலவைத் தாங்க முடியாது என்பது உண்மையான சிக்கல். வட்டாரப் பயிலரங்கு இதற்கும் ஒரு வழி தருகிறது. ஒரே பகுதியைச் சேர்ந்த நான்கைந்து பதிப்பகங்கள், பயிற்சி பெற்ற ஒருவரையோ இருவரையோ பொதுவில் அமர்த்திக்கொண்டு செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

முடிவாக

தமிழில் நல்ல அகராதிகளும் கையேடுகளும் முன்னோடிகளின் பதிப்புகளும் இருக்கின்றன. வேலை தெரிந்த மூத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கற்றது அவர்களோடு போய்விடாமல் அடுத்தவர் கைக்கு வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு வட்டாரம் என்று தொடங்கினாலும் போதும்.

பதிப்பாளர்கள் தங்கள் நூலின் உரிமைப் பக்கத்தில் செம்மையாக்கியவர் பெயரை அச்சிட வேண்டும். எழுத்தாளர்கள் பயிற்சிக்காகத் தங்கள் முதல் பிரதியைத் தரத் தயங்கக் கூடாது. பல்கலைக்கழகங்களும் மாவட்ட நிர்வாகங்களும் அடுத்த புத்தகத் திருவிழா நிகழ்ச்சிநிரலில் மூன்று நாளை இதற்கென்று ஒதுக்க வேண்டும். வாசகர்களே, பிழை மலிந்த நூலை வாங்க நேர்ந்தால் பதிப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். செம்மையான நூலைப் படித்தால் அதையும் எழுதிச் சொல்லுங்கள்.